சீதனப் பிரச்சினைக்கு முன்பிணை எடுக்கப் போன வவுனியா லோயர் ஒபிஸ்: 5க்கு 4

முன்பிணை எண்டா பொலிஸ் பிடிக்க முதலே கோட்ஸில எடுத்து வைக்கிற பிணை, இந்தியாவில முன்ஜாமீன் எண்டுவினம். முதல்ல ரேட்டிங்கைச் சொல்லிப்போட்டு மிச்சத்துக்கு வாறன். 5க்கு 4. அந்த ஒண்டு ஏன் குறைஞ்சது எண்டு கீழ சொல்லுறன். லோயரின்ர பேரும் ஒபிஸ் இருக்கிற ரோட்டும் போடேல்ல, ஏனெண்டா பேரைப் போட்டா எந்தக் குடும்பத்தின்ர வழக்கு எண்டு நெடுங்கேணியில இருந்து முள்ளியவளை மட்டும் ஒரு பின்னேரத்துக்குள்ள தெரிஞ்சிடும், அது எங்களுக்கும் நல்லதில்லை, மச்சாளுக்கு (தம்பியின்ர மனுசி) அதைவிட நல்லதில்லை. வவுனியா டவுன், மாடியில ஒபிஸ், பொம்பிளை லோயர், ஐம்பது தாண்டினவா. இவ்வளவு போதும்.

விசயம் இதுதான். என்ர தம்பிக்கும் அவன்ர மனுசிக்கும் கொஞ்சக் காலமா சரியில்லை. அவையள் இருக்கிறது முல்லைத்தீவுப் பக்கம், நாங்கள் வவுனியா வடக்கு. கலியாணம் பேசேக்க காணியும் நகையும் தாறம் எண்டவை, வெளிநாட்டில இருக்கிற பொம்பிளையின்ர தமையன் வீடு கட்டக் காசு அனுப்புவார் எண்டும் ஒரு பேச்சு இருந்தது. காணி எழுதினவை, நகை போட்டவை, வீட்டுக்காசு மட்டும் வரேல்ல. தம்பி லான்ட்மாஸ்டர் (ரெண்டு சில்லு உழவு மெசின்) எடுக்கிறன் எண்டு மச்சாளின்ர சங்கிலியையும் காப்பையும் கொண்டுபோய் அடகு வச்சிட்டான், அந்தப் போகம் வயலும் பிழைச்சுப் போச்சு, வட்டி ஏற ஏற உன்ர கொண்ணன்ர காசு எங்கை எண்டு மனுசியைப் போட்டு நெருக்கினவன், அம்மாவும் இடைக்கிடை ரெண்டு வார்த்தை விட்டவா, கடைசியா ஒரு நாள் கை நீட்டிப்போட்டான். மச்சாள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தாய்வீட்ட போய், பொலிஸில முறைப்பாடு குடுத்திட்டா. அடிச்சது, நகையை எடுத்தது, சீதனம் கேட்டுக் கரைச்சல் குடுத்தது எண்டு மூண்டும் இருக்கு, தம்பி, அம்மா, நான் எண்டு மூண்டு பேரும் இருக்கு. என்னை ஏன் சேர்த்தவா எண்டு எனக்கு இண்டைக்கும் கொஞ்சம் மனவருத்தம்தான், எண்டாலும் அடிச்சதும் உண்மை நகை போனதும் உண்மை, அதை மறைச்சுப்போட்டு ரிவியூ எழுதி வேலையில்லை.

முறைப்பாடு எண்டு கேள்விப்பட்ட உடனை வீட்டில எல்லாரும் லோயரா மாறிட்டினம். சித்தப்பா யூடியூப்பில ஒரு தமிழ்நாட்டு வக்கீலின்ர வீடியோவை எல்லாருக்கும் வாட்ஸ்அப்பில அனுப்பினார். இடம்பெயர்வில போய் திருச்சியிலயே தங்கிட்ட பெரியம்மாவின்ர மகன் அண்ணா ராவு கோல் எடுத்து, “498ஏ போட்டிருப்பாங்க, நீ ஒண்ணும் யோசிக்காத, காலையிலயே செசன்ஸ் கோர்ட்டில முன்ஜாமீன் போடு, இல்லாட்டி அம்மாவையும் சேர்த்து உள்ள வச்சிடுவாங்க” எண்டு சொல்ல அம்மா அழத் தொடங்கிட்டா, பிரஷர் குளிசையும் போடேல்ல.

அண்ணா சொன்னது பொய்யில்லை, ஆனா அது இந்தியாவின்ர கதை. அங்க சீதனத்தை வரதட்சணை எண்டு சொல்லி 1961இலயே தடைச் சட்டம் கொண்டந்தவை. 1983இல தண்டனைச் சட்டத்தில 498ஏ எண்ட பிரிவைச் சேர்த்தவை, புருசனோ புருசன்ர ஆக்களோ கொடுமைப்படுத்தினா 3 வருசம் வரைக்கும் மறியல், அதோட தண்டம், பொலிஸ் வாரண்ட் இல்லாமலே பிடிக்கலாம், பிணை ஸ்டேசனில குடுக்கமாட்டினம், கோட்டுக்குத்தான் போகோணும். 2024 ஜூலை 1இல இருந்து அங்க சட்டப் புத்தகமே மாறிட்டுது, இப்ப அது பாரதிய நியாய சன்ஹிதாவின்ர 85, 86 ஆம் பிரிவு, முன்ஜாமீன் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின்ர 438இல இருந்து பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா எண்ட புது நடைமுறைச் சட்டத்தின்ர 482க்குப் போட்டுது. யூடியூப்பில இன்னும் பழைய நம்பர்தான் ஓடுது. இன்னொண்டு, அங்கயும் முறைப்பாடு விழுந்த உடனை குடும்பத்தையே அள்ளிக்கொண்டு போற காலம் முந்தின மாதிரி இல்லை. 2014இல அர்னேஷ் குமார் எதிர் பீகார் எண்ட வழக்கில சுப்ரீம் கோர்ட் சொன்னது, 7 வருசம் வரைக்குமான தண்டனை உள்ள குற்றங்களுக்கு பொலிஸ் கண்ணை மூடிக்கொண்டு கைது செய்யக்கூடாது, ஏன் கைது தேவை எண்டு காரணம் எழுதோணும், தேவையில்லாட்டி நோட்டிஸ் குடுத்துக் கூப்பிட்டு விசாரிக்கோணும் எண்டு. இதை அந்த வீடியோ வக்கீல் சொல்லேல்ல. பயப்பிடுத்தினாத்தானே கோல் வரும்.

இது நான் பிறகு தெரிஞ்சுகொண்டது. அந்த நேரம் நாங்கள் எல்லாரும் 498ஏயைப் பிடிச்சுக்கொண்டு பஸ் ஏறினாக்கள்.

முதல் போனது டவுனில வேற ஒரு இடம், அதுக்கு நான் ரிவியூ எழுதேல்ல, ஒரு பந்தியில முடிக்கிறன். ஒரு தெரிஞ்ச ஆள் கூட்டிக்கொண்டு போனவர். இருந்து ரெண்டு நிமிசம் கூட இல்லை, மூண்டு பேருக்கும் முன்பிணை போடோணும், ஆளுக்கு இவ்வளவு, இண்டைக்கே அரைவாசி கட்டுங்கோ எண்டாச்சு. முறைப்பாடு எந்தப் பொலிஸில குடுத்தது எண்டு கேக்கேல்ல. முறைப்பாட்டில என்ன இருக்கெண்டும் கேக்கேல்ல. பற்றுச்சீட்டு தருவியளோ எண்டு நான் கேட்டதுக்கு கூட்டிக்கொண்டு போனவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். தம்பி காசை எடுக்க பொக்கற்றுக்குள்ள கையை விட்டிட்டான், நான் அம்மாவுக்கு மயக்கம் வருது எண்டு சொல்லி எல்லாரையும் வெளிய கொண்டந்திட்டன். அம்மாவுக்கு மயக்கம் வரேல்ல.

அதுக்குப் பிறகுதான் பிரதேச செயலகத்தில வேலை செய்யிற ஒரு சிநேகிதி இந்த லோயர் மிஸ்ஸைச் சொன்னவா.

இங்க போன உடனை வித்தியாசம் தெரிஞ்சுது. மிஸ் எங்களை இருத்திப்போட்டு முதல் கேட்டது “அடிச்சது ஆர்?” எண்டு. தம்பி நிலத்தைப் பார்த்தான். “எங்க வச்சு அடிச்சனி, எந்த வீட்டில?” எண்டு ரெண்டாவது கேள்வி. அவன் முல்லைத்தீவுப் பக்கத்து வீடு எண்டு சொல்ல, “அப்ப வவுனியாக் கோட்ஸில ஒண்டும் செய்யேலாது, குற்றம் நடந்தது எண்டு சொல்லுற இடத்து நீதவான் கோட்ஸுக்குத்தான் போகோணும்” எண்டு சொல்லிப்போட்டா. முதல் போன இடத்தில காசு கட்டியிருந்தா என்ன நடந்திருக்கும் எண்டு நானும் தம்பியும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்தம்.

பிறகு ஒரு வெள்ளைத் தாளை எடுத்து கோடு கீறி எங்களுக்கு விளங்கப்படுத்தினவா, அதை நான் எனக்கு விளங்கின மாதிரி எழுதுறன், ஏனெண்டா இதைத் தேடித்தான் கனபேர் அலையினம்.

எங்கட நாட்டில சீதனம் வாங்கக்கூடாது எண்டு ஒரு சட்டமே இல்லை. வடக்கில தேசவழமைப்படி (வடக்குத் தமிழாக்களுக்கு இருக்கிற வழமைச் சட்டம்) சீதனம் சட்டத்துக்குள்ளயே இருக்கிற விசயம். அதால 498ஏ மாதிரி ஒரு பிரிவில இங்க ஆரையும் பிடிக்கேலாது. அதுக்காக சீதனம் கேட்டு அடிச்சா ஒண்டும் இல்லை எண்டு அர்த்தமில்லை. அடிச்சா அது காயம் விளைவிச்ச குற்றம், நகையைக் கொண்டுபோனா அது நம்பிக்கை மோசடி எண்டு வரலாம், வெருட்டினா அது வேற. ஒவ்வொண்டும் தனித்தனிக் குற்றம், பிணை விடக்கூடியதோ விடேலாததோ எண்டு சட்டத்தில தனித்தனியாப் போட்டிருக்கு. பிணை விடக்கூடிய குற்றம் எண்டா பிணை உங்கட உரிமை, பொலிஸே கையெழுத்து வாங்கிக்கொண்டு விடலாம், அதுக்கு ஏன் முன்பிணை? 1997 ஆம் ஆண்டு 30 ஆம் இலக்கப் பிணைச் சட்டத்தில முன்பிணை எண்ட பகுதி இருக்கிறதே பிணை விடேலாத குற்றத்தில என்னைப் பிடிக்கப்போகினம் எண்டு நம்புறதுக்குக் காரணம் இருக்கிற ஆளுக்குத்தான். சும்மா பயமாக் கிடக்கு எண்டு போய்க் கேக்கேலாது, காரணம் காட்டோணும். அதையும் இந்தியா மாதிரி செசன்ஸ் கோர்ட்டிலயோ ஹைகோர்ட்டிலயோ போய்க் கேக்கிறேல்ல, நீதவான்தான். அந்த இடத்துப் பொலிஸ் பொறுப்பதிகாரிக்கு அறிவித்தல் குடுக்கோணும், சத்தியக்கடதாசி (சத்தியம் பண்ணி எழுத்தில குடுக்கிற வாக்குமூலம்) வைக்கோணும். அறிவித்தல் போன பிறகு பொலிஸும் வந்து தங்கட பக்கத்தைச் சொல்லும். தெரியாமல் போய் ஒளிச்சு எடுக்கிற விசயம் இல்லை இது, கனபேர் அப்பிடித்தான் நினைச்சுக்கொண்டு இருக்கினம்.

அந்தச் சட்டத்தில தொடக்கத்திலயே பிணை குடுக்கிறதுதான் வழமை, மறுக்கிறது விதிவிலக்கு எண்டு எழுதிக்கிடக்காம். எனக்கு அது புதினமா இருந்துது, ஏனெண்டா வன்னியில இருக்கிற எங்களுக்கு பிடிச்சா விடமாட்டினம் எண்டுதான் மனசில ஊறிப்போய்க் கிடக்கு. மிஸ்ஸும் விளங்கிக்கொண்டு, “பயங்கரவாதத் தடைச் சட்டத்தில பிடிக்கிறாக்களுக்கு இந்தப் பிணைச் சட்டம் செல்லாது பிள்ளை, நீங்கள் கண்டதெல்லாம் அது. இது குடும்ப வழக்கு” எண்டு சொன்னவா. அம்மா அதுக்குப் பிறகுதான் தேத்தண்ணியைக் கையில எடுத்தவா.

மூண்டு பேருக்கும் போடுவமோ எண்டு நான் கேட்டன். “போட்டா எனக்கு மூண்டு ஃபீஸ் வரும், ஆனா அம்மாவும் நீங்களும் ஏன் பயப்பிடுறியள் எண்டு நீதவான் கேட்டா நான் என்னத்தைச் சொல்லுறது? அம்மா வாயால சொன்னதுதானே, வாக்குமூலம் குடுத்தாக் காணும். தம்பியின்ர நகை விசயம்தான் கவனமா இருக்கவேண்டிய இடம்.” இந்த மூண்டு வசனத்துக்குத்தான் நான் நாலு ஸ்டார் குடுக்கிறன், மிச்சமெல்லாம் அதுக்குப் பிறகு.

நகை விசயத்துக்கு வாறன், அங்கதான் மிஸ்ஸின்ர வேலை என்னெண்டு கண்டது. அடகுச் சீட்டைக் கொண்டந்து மேசையில வைக்கச் சொன்னவா. தம்பி பேர்ஸுக்குள்ள இருந்து எடுத்தான், நாலா மடிச்சு மடிச்சு மடிப்பில எழுத்து அழிஞ்ச ஒரு சீட்டு. மிஸ் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு வரியா வாசிச்சவா: சங்கிலி ஒண்டு, காப்பு ரெண்டு, நிறை, திகதி, எடுத்த தொகை, அடகு வச்சவரின்ர பேர். தம்பியின்ர பேர். “மனுசி கூட வந்தவவோ?” இல்லை. “சம்மதம் எண்டு எங்கயாவது எழுதினவவோ, மெசேஜ் ஏதும்?” இல்லை, ஆனா அவவுக்குத் தெரியும், குடும்பக் காசு தானே மிஸ் எண்டு தம்பி இழுத்தான். மிஸ் சீட்டைத் திருப்பி அவன்ர பக்கம் தள்ளிப்போட்டு, “தம்பி, சீதனமா வந்த நகை அவவின்ர. குடும்பத்தின்ர இல்லை. லான்ட்மாஸ்டரை வித்தாவது இதை மீட்டுக்கொண்டு வாங்கோ, முன்பிணையை விட இதுதான் உங்களைக் காப்பாத்தும்” எண்டு சொன்னவா. அவன்ர முகம் போன போக்கைப் பார்க்க அக்காக்காரி எனக்கும் ஒரு மாதிரித்தான் இருந்தது, ஆனா அதை வீட்டில ஒருத்தரும் அவனுக்குச் சொல்லேல்ல எண்டதும் உண்மை.

அவன் விடேல்ல. அவ தன்ர சீதனக் காணியை விக்கிறதெண்டா என்ர கையெழுத்து வேணும்தானே, நான் வைக்கமாட்டன், பார்ப்பம் எண்டான். அது உண்மைதான், தேசவழமைக்குக் கீழ வாற கலியாணம் கட்டின பொம்பிளை தன்ர சீதனக் காணியை விக்கிறதெண்டாலும் புருசன்ர எழுத்துச் சம்மதம் வேணும், 1911 ஆம் ஆண்டுச் சட்டம், இன்னும் அப்பிடியே கிடக்கு. (இந்தக் காலத்தில இது என்ன நியாயம் எண்டு எனக்குத் தெரியேல்ல, நானும் ஒரு காணிக்காரிதான்.) ஆனா புருசன் காரணமில்லாமல் மறுத்தா அவ மாவட்ட நீதிமன்றத்தில போய் அனுமதி எடுக்கலாம் எண்டு மிஸ் சொன்னவா, “அந்தக் கையெழுத்தை வச்சு வெருட்டிறன் எண்டு சத்தியக்கடதாசியில எழுதட்டோ?” எண்டும் கேட்டவா. அதோட அவன் வாயை மூடிட்டான்.

சத்தியக்கடதாசி எழுதினது பாதி நாள் வேலை. தம்பி சொல்லச் சொல்ல மிஸ் கையால எழுதினவா. அவன் சொன்னதில மச்சாளின்ர குணம், மச்சாளின்ர தாய், போன் கதைக்கிறது, சமைக்கேல்ல, அது இது எண்டு ஒரு பக்கம் போனது, மிஸ் எல்லாத்தையும் ஒரு கோட்டால வெட்டினவா. “அவ கூடாதவ எண்டு சொல்லிப் பிணை கேக்கிறேல்ல. நீங்கள் ஓடமாட்டியள், சாட்சியளோட கரைச்சல் படமாட்டியள், கூப்பிட்டா வருவியள், இதைத்தான் கோட்ஸ் பார்க்கும்.” நிரந்தர விலாசம், வயல் காணி, பிள்ளை, முந்தி வழக்கு ஒண்டும் இல்லை, நகை அடகில இருக்கிறது, அதை மீட்டுக் குடுக்கச் சம்மதம். இவ்வளவுதான் மிஞ்சினது. அடிச்சதைப் பற்றி ஒண்டும் எழுதாமல் விடுவமோ எண்டு கேட்டன். அடிக்கேல்ல எண்டு மட்டும் எழுதமாட்டன், சத்தியக்கடதாசியில பொய் எழுதினா அது வேற குற்றம் எண்டு சொல்லிப்போட்டா. கிளாக்கர் தம்பி கொம்பியூட்டரில அடிச்சு எடுத்து, எங்களுக்கு ஒருக்கா சத்தமா வாசிச்சுக் காட்டித்தான் கையெழுத்து வாங்கினது.

இதுக்கிடையில பொலிஸில விசாரணைக்குக் கூப்பிட்டவை. நாங்கள் போறதோ ஒளிக்கிறதோ எண்டு யோசிக்க, மிஸ் தன்ர ஜூனியர் பெடியனைக் கூட அனுப்பினவா. லோயர் ஸ்டேசனுக்குள்ள வரலாமோ எண்டு எங்களுக்குச் சந்தேகம், வரலாம், 2012இல இருந்து அதுக்கு விதி இருக்கு. விசாரணை அமைதியாத்தான் போனது, எங்கட பக்கத்தைக் கேட்டவை, எழுதினவை, வாசிச்சுக் காட்டினவை. நகை விசயத்தைத்தான் திருப்பித் திருப்பிக் கேட்டவை, மிஸ் சொன்ன மாதிரியே.

முல்லைத்தீவுக் கோட்ஸுக்கு நெடுங்கேணியால போனம். விடிய முதல் பஸ். கோட்ஸில விசயம் நீண்ட நேரம் இல்லை, எங்கட முறை வரத்தான் நேரம். பொலிஸ் தரப்பில நகையைப் பற்றிச் சொன்னவை, மிஸ் அடகுச் சீட்டின்ர பிரதியையும் மீட்டுக் குடுக்கிற உறுதியையும் காட்டினவா. நீதவான் முன்பிணை குடுத்தவர், அப்பிடிக் கைதாக வந்தா சரீரப் பிணையில (ஆக்கள் பொறுப்பு நிண்டு கையெழுத்து வைக்கிற பிணை) விடச்சொல்லி, அதோட நிபந்தனை: சாட்சியளோட தொடர்பு வைக்கக்கூடாது, பொலிஸ் கூப்பிட்டா போகோணும். சரீரப் பிணைக்கு ஆக்கள் வேணும், அவையளின்ர வதிவிடத்துக்கு கிராம சேவகரின்ர கடிதம் வேணும், இதை மிஸ் முதலே சொல்லி வச்சபடியா கடிதம் கையில இருந்தது. பக்கத்தில நிண்ட ஒரு குடும்பம் அந்தக் கடிதம் இல்லாமல் பட்ட பாட்டைப் பார்த்தனாங்கள்.

இனி முக்கியமான விசயம். முன்பிணை கிடைச்ச உடனை தம்பி வழக்கு முடிஞ்சுது எண்டு சித்தப்பாவுக்குக் கோல் எடுத்தான், அவர் திருச்சி அண்ணாவுக்கு எடுத்தார், வாட்ஸ்அப் குரூப்பில கைகூப்பு. வழக்கு முடியேல்ல. முன்பிணை எண்டா பிடிச்சா விடவேணும் எண்ட உத்தரவு, அவ்வளவுதான். விசாரணை போகும், குற்றப்பத்திரிகை வரலாம், தண்டனையும் வரலாம். மிஸ் இதை எங்களுக்கு முதல் நாளே சொன்னவா, கோட்ஸ் வாசலிலயும் திரும்பச் சொன்னவா, தம்பிக்கு ஏறினது ரெண்டாம் தரம்தான்.

அடுத்த கிழமை அங்கால இருந்து வேற ஒண்டு வந்தது. மச்சாள் சட்ட உதவி ஆணைக்குழுவுக்குப் போய், அவையள் மூலமா 2005 ஆம் ஆண்டு 34 ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்துக்குக் கீழ விண்ணப்பம் போட்டிருந்தவா. (இந்தியாவிலயும் அதே 2005இலதான் வீட்டு வன்முறைச் சட்டம் வந்ததாம்.) தம்பி திரும்ப ஓடி வந்தான், இதுக்கும் முன்பிணை எடுப்பம் எண்டு. மிஸ் சிரிச்சவா. இதில ஆரையும் பிடிக்கிறேல்ல. இது பாதுகாப்புக் கட்டளை கேக்கிற விண்ணப்பம், நீதவான் இடைக்காலக் கட்டளை ஒண்டை உடனை குடுக்கலாம், 14 நாளுக்குள்ள விசாரணைக்கு எடுக்கோணும், கட்டளை 12 மாசம் வரைக்கும் இருக்கலாம். அந்த வீட்டுக்குப் போகாத, அவவின்ர வேலையிடத்துக்குப் போகாத, கரைச்சல் குடுக்காத எண்டு. ஆனா அந்தக் கட்டளையை மீறினாத்தான் வினை, அதுக்கு ஒரு வருசம் வரைக்கும் மறியல் இல்லாட்டி பத்தாயிரம் வரைக்கும் தண்டம், ரெண்டும் சேர்த்தும் வரலாம். “பிள்ளையைப் பார்க்கோணும் எண்டு ராவில போய்க் கதவைத் தட்டினியள் எண்டா நான் வரமாட்டன்” எண்டு மிஸ் அவனுக்கு நேர சொன்னவா. பிள்ளையைப் பார்க்கிறதுக்கு கோட்ஸிலயே கேட்டு நேரம் எடுத்துத் தந்தவா, ஞாயிற்றுக்கிழமை, ஒரு சொந்தக்காரர் வீட்டில. பிள்ளைக்குத் தாபரிப்புக் காசு (வளர்க்கிற செலவு) கட்டவும் சம்மதிக்க வச்சவா, அதுக்கு 1999 ஆம் ஆண்டுத் தாபரிப்புச் சட்டம் இருக்கு, இழுத்தா எப்பிடியும் கட்டத்தான் வேணும் எண்டு.

சட்ட உதவி ஆணைக்குழுவைப் பற்றியும் ரெண்டு வரி. அது 1978ஆம் ஆண்டுச் சட்டத்தில வந்த அரசாங்க நிறுவனம், வருமானம் குறைஞ்சாக்களுக்கு காசில்லாமல் செய்யினம். மச்சாளின்ர பக்கத்துக்கு வந்த லோயர் பிள்ளை நல்லாக் கதைச்சவா, எங்கட மிஸ்ஸோட மல்லுக்கட்டாமல் விசயத்தைத்தான் பார்த்தவா. எதிர்ப்பக்கத்தில இருந்து இப்பிடி எழுதுறது வினோதமாத்தான் இருக்கும், ஆனா உங்கட வீட்டுப் பொம்பிளைப் பிள்ளைக்கு ஒண்டு நடந்தா கைகாசு இல்லை எண்டு இருந்திடாதேங்கோ. பெண்களுக்கு உதவி கேட்டு எடுக்க 1938 எண்ட போன் நம்பரும் இருக்கு.

நகையை மீட்டாச்சு. லான்ட்மாஸ்டரை விக்கேல்ல, நானும் அத்தானும் ஒரு பகுதி போட்டம், சித்தப்பாவும் போட்டவர் (வீடியோ அனுப்பின பாவத்துக்கு). பொலிஸில வச்சு எழுத்தில ஒப்படைச்சது, சங்கிலியை மச்சாள் வாங்கி நிறுத்துப் பார்க்கேல்ல, தாய்தான் வாங்கி நிறுக்கச் சொன்னவா. மச்சாள் என்னோட முகம் குடுத்துக் கதைக்கேல்ல. அவையள் சேருவினமோ எண்டு கேட்டா எனக்குச் சொல்லேலாது, மிஸ்ஸிட்ட கேட்டன், அது தன்ர ஃபீஸுக்குள்ள இல்லை எண்டவா.

இப்ப அந்த ஒரு ஸ்டார். ஒண்டு, காத்திருக்க வைக்கிறது. பத்து மணி எண்டா பன்ரண்டு. கோட்ஸ் முடிஞ்சுதான் ஒபிஸுக்கு வருவா, அதை முதலே சொல்லலாம்தானே. போனும் எடுக்கமாட்டா, வாட்ஸ்அப்பில மெசேஜ் போட்டா ராவு பத்துக்குப் பிறகு வோய்ஸ் கட் ஒண்டு வரும், அதுவும் அவசரமா, ரெண்டு தரம் போட்டுக் கேட்டாத்தான் விளங்கும். ரெண்டு, படி செங்குத்து, பிடிக்கிறதுக்குக் கம்பி ஒரு பக்கம்தான், முழங்கால் வருத்தக்காரரைக் கூட்டிக்கொண்டு போறாக்கள் யோசிச்சுக்கொள்ளுங்கோ, அம்மா ஏறி வந்து இருந்து கால் தடவினது எனக்குக் கண்ணுக்குள்ளயே நிக்குது. மூண்டு, ஃபீஸுக்கு மேல முத்திரை, போட்டோகொப்பி, முல்லைத்தீவு போற வாகனம் எண்டு சில்லறை சில்லறையா கிளாக்கர் தம்பி வாங்கினது. எல்லாத்துக்கும் சீட்டு தந்தவர்தான், கேட்டாத்தான் தந்தவர். முதலே மொத்தமா இவ்வளவு வரும் எண்டு ஒரு தாளில எழுதித் தந்தா ஆக்கள் கடன் வாங்கிறதையாவது ஒருக்கா வாங்குவினம்.

ஃபீஸ் கூடவோ குறையவோ எண்டு கேட்டா, முதல் போன இடத்தில ஒரு ஆளுக்குக் கேட்டதை விடக் கொஞ்சம் கூடத்தான், ஆனா அங்க மூண்டு ஆளுக்குக் கேட்டவை, இங்க ஒரு ஆளுக்குத்தான் எடுத்தது, அதோட பொலிஸுக்கு ஜூனியரை அனுப்பினது அதுக்குள்ளயே வந்திட்டுது. முதல் கதைக்கிறதுக்கு சின்னத் தொகை ஒண்டு எடுப்பா, வழக்கை எடுத்தா அதைக் கழிச்சு விடுவா.

ஆர் போகலாம் எண்டா, உண்மையைச் சொல்லத் தயாரா இருக்கிறாக்கள் போங்கோ. பொண்டாட்டியைப் பழிவாங்கோணும், அவவின்ர பேரைக் கெடுக்கோணும் எண்டு நினைக்கிறாக்கள் போனா காசும் போகும் ஏச்சும் கிடைக்கும். பெண் பக்கத்து வழக்கும் எடுக்கிறவா, அங்க இருக்கேக்க அப்பிடி ரெண்டு பேர் வந்திருந்தவை, அதில ஒரு பிள்ளை தகப்பனோட வந்து அழுதுகொண்டு இருந்தது, மிஸ் எங்களை விட்டிட்டு அவவைத்தான் முதல் கூப்பிட்டவா. எனக்கு அப்ப கோபம், பிறகு இல்லை.

போகேக்க கொண்டுபோகவேண்டியது: அடையாள அட்டை, கலியாணப் பதிவுச் சான்றிதழ், காணி உறுதியின்ர பிரதி, நகை அடகில இருந்தா சீட்டு, முறைப்பாட்டு இலக்கம் தெரிஞ்சா அதுவும், ரெண்டு பேரின்ர மெசேஜ் இருந்தா போனோட கொண்டுபோங்கோ, ஸ்கிரீன்ஷொட் எடுத்து வெட்டி ஒட்டினதை மிஸ் பார்க்கமாட்டா. சனிக்கிழமை காலமைதான் ஒபிஸில ஆறுதலாக் கதைக்கலாம், கிழமை நாளில கோட்ஸ் அவசரம். வாகனத்தில போறாக்கள் கீழ விடேலாது, கடைக்காரர் ஏசுவார், பஸ் ஸ்ராண்ட் பக்கம் விட்டிட்டு நடவுங்கோ.